இன்று தெரியும் பரு இன்று முளைத்ததல்ல

காலையில் கண்ணாடியில் புதிதாகத் தெரியும் பருவுக்குப் பல வார வயது இருக்கும். இரண்டு மாதம்கூட ஆகியிருக்கலாம். சிவந்து மேலே எழும்பியது மட்டும்தான் இன்று. தொடங்கியது எப்போதோ, தோலுக்குள்ளே. முகப்பரு பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது. நேற்று என்ன சாப்பிட்டோம், முகம் கழுவாமல் படுத்துவிட்டோமா, யாருடைய துண்டால் துடைத்தோம் என்று நேற்றைய நாளிலேயே காரணம் தேடுகிறோம். மருந்தையும் அதே கண்ணால்தான் பார்க்கிறோம். இன்று தடவினால் நாளைக்குள் அமுங்க வேண்டும். அமுங்கவில்லை என்றால் மருந்து சரியில்லை, வேறு வாங்கு.

இதைவிட வருத்தமான விஷயம், காரணம் தேடும்போது பழி பெரும்பாலும் பரு வந்தவர் தலையிலேயே விழுவதுதான். சுத்தமாக இருப்பதில்லை, வாயைக் கட்டுவதில்லை, நேரத்துக்குத் தூங்குவதில்லை. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டு, தங்கள் முகத்தைத் தாங்களே கெடுத்துக்கொண்டதாக நம்பிவிடுகிறார்கள். 12 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது. இத்தனை பேரும் சுத்தம் தெரியாதவர்களாக இருக்க முடியாது.

துளைக்குள் நடப்பது

முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் மயிர்க்கால்களோடு பெரிய எண்ணெய்ச் சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்கள் உடலிலும் இவை சுரக்கின்றன. இவற்றின் தூண்டுதலால் அந்தச் சுரப்பிகள் பெரிதாகி எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. அதே சமயத்தில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியே வரவேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செல்களும் சேர்ந்து துளைக்குள் ஒரு நுண்ணிய அடைப்பு உருவாகிறது. இதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவினாலும் தெரியாது. ஆனால் பருவின் ஆரம்பம் இதுதான்.

இந்த அடைப்புகளில் பல தாமாகவே கலைந்துவிடும். சில வளர்ந்து, வாய் மூடிய வெண்புள்ளியாகவோ வாய் திறந்த கரும்புள்ளியாகவோ வெளியே தெரியும். உள்ளே காற்றுக் குறைந்த, எண்ணெய் நிறைந்த சூழலில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா செழிக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதற்குப் பதில் கொடுக்கும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் வருகின்றன. மயிர்க்காலின் சுவர் உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் தோலின் ஆழத்தில் கொட்டிவிட்டால், தொட்டாலே வலிக்கும் கட்டியாகிவிடும். தழும்பை அதிகமாக விட்டுப்போவது இந்த வகைதான்.

அந்தப் பாக்டீரியா பரு இல்லாதவர் முகத்திலும் இருக்கிறது. நம் எல்லோர் தோலிலும் நிரந்தரமாகக் குடியிருப்பது அது. ஆகவே பரு ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே தலையணையில் படுத்ததால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரு போகாது.

ஹார்மோனின் பங்கு ஊகம் அல்ல. 1941இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவ வயதுக்கு முன்பே விரைகளின் செயல்பாட்டை இழந்திருந்த ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதைக் கவனித்தார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது சிலருக்குப் பரு வந்தது. பரம்பரையின் பங்கும் அப்படியே. பிரிட்டனில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. பரு விஷயத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மரபணுக்களே காரணம் என்று அது கணக்கிட்டது. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒரே சோப்பைப் போட்டு வளரும் இருவரில் ஒருவர் முகம் வழவழப்பாகவும் இன்னொருவர் முகம் கரடுமுரடாகவும் இருப்பதற்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. சுய இன்பத்தால் பரு வருகிறது என்று ஒரு காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்களே நம்பினார்கள். கல்யாணமானால் பரு போய்விடும் என்பது அதே நம்பிக்கையின் மறுபக்கம். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது.

அழுக்கு என்ற சந்தேகம்

கரும்புள்ளியைப் பார்க்கும் யாருக்கும் அது அழுக்கு என்றுதான் தோன்றும். மூக்கு ஓரத்தில் ஒரு கரும்புள்ளியை அழுத்தி எடுத்தால் வருவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மேல்நுனி மட்டும் கறுப்பாக இருக்கும். அதற்குக் கீழே வெளிர்மஞ்சளாக, மெழுகுபோல ஒரு சின்னத் திரி. வெளியிலிருந்து புகுந்த அழுக்காக இருந்தால் முழுவதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். துளையின் வாய் திறந்திருப்பதால் மேற்பகுதியிலுள்ள மெலனின் என்ற தோல் நிறமியும், காற்றுப்பட்டு மாறிய எண்ணெயும் சேர்ந்து அந்தக் கறுப்பைத் தருகின்றன. தேய்த்துக் கழுவினால் அது போகாது.

ஆனால் போகவில்லையே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள்தான் அதிகம். சொரசொரப்பான ஸ்க்ரப், நாளைக்கு ஐந்தாறு முறை ஃபேஸ்வாஷ், அதன்மேல் முகத்தை வறட்டும் ஆல்கஹால் கலந்த டோனர். இவை எண்ணெயை மேலாகத் துடைக்கின்றன. உள்ளே இருக்கும் சுரப்பிக்கு அது தெரியவே தெரியாது, அதற்கு உத்தரவு வருவது ரத்தத்தில் ஓடும் ஹார்மோனிலிருந்து. நடுவில் பாதிக்கப்படுவது தோலின் மேலடுக்கு. அது எரிச்சலடைந்து, சிவந்து, பருவையும் கிளப்பிவிடும். ஹெல்மெட் பட்டையும் பையின் வாரும் உரசும் இடங்களில் பரு கிளம்புவதும் இதே உராய்வால்தான். மென்மையான ஒரு கழுவியால் காலையும் இரவும் கழுவுவதும், வியர்த்து விறுவிறுத்தால் இன்னொரு தடவை கழுவுவதும் போதும். எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்ற கேள்வியும் இங்கேதான் வரும். பரு மருந்துகள் பெரும்பாலும் தோலை உலர்த்துபவை. ஈரப்பதம் இல்லாவிட்டால் அந்த மருந்தையே தொடர்ந்து போட முடியாது.

எலுமிச்சைச் சாறும் பற்பசையும் இதே கணக்கில் சேரும். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை தோலைச் சுடும் அளவுக்குக் கடுமையானது. தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்தடமும் விழலாம். பற்பசை தோலை எரிச்சலூட்டிக் காய வைப்பதைத்தான் பலர் ‘பரு வற்றிவிட்டது’ என்று நினைக்கிறார்கள். இயற்கைப் பொருள் எதுவுமே பயன்படாது என்று நான் சொல்லவில்லை. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம், டீ ட்ரீ என்ற மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் 5 சதவீத எண்ணெயை, பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன; எண்ணெய் மெதுவாக, ஆனால் எரிச்சல் குறைவாக. அதே எண்ணெய் சிலருக்கு ஒவ்வாமையையும் தருகிறது. ஒரு பொருள் செடியிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்பதை வைத்து அது தோலுக்கு நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முடியாது.

பருவைக் கிள்ளுவது பற்றியும் சொல்லிவிட வேண்டும். அழுத்தும்போது சீழ் வெளியே வருவது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அழுத்தம் உள்பக்கமும் பாய்ந்து, ஏற்கெனவே மெலிந்திருக்கும் மயிர்க்கால் சுவரை உடைத்துவிடும். நாலு நாளில் வற்றியிருக்க வேண்டிய பரு ரெண்டு வாரக் கட்டியாவது இப்படித்தான்.

சாக்லேட், பால், சர்க்கரை

உணவு விஷயத்தில் மருத்துவர்களே ஒரு காலத்தில் ஒன்று சொல்லி, பிறகு இன்னொன்று சொன்னதால் குழப்பம் கூடிவிட்டது. 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்கு சாக்லேட் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு கட்டத்தில் சாக்லேட் செறிவு மிகுந்த கட்டி, இன்னொரு கட்டத்தில் சாக்லேட் சேர்க்காத, பார்வைக்கு அதே மாதிரியான கட்டி. பருவில் வித்தியாசம் இல்லை. அதிலிருந்து சாக்லேட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை, உணவுக்கும் பருவுக்குமே சம்பந்தமில்லை என்ற பேச்சு பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை. ஒப்பிடக் கொடுத்த கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன. கோகோ மட்டும் தனியாகப் பருவைக் கூட்டுகிறதா என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. சர்க்கரை பற்றி அது எதையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

2002இல் வேறு திசையிலிருந்து ஒரு தகவல் வந்தது. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் சுமார் 1,200 பேரையும், பராகுவேயில் காட்டு வாழ்க்கையிலிருந்து வந்த அச்சே மக்கள் 115 பேரையும் பரிசோதித்த ஆய்வாளர்கள், ஒருவரிடம்கூடப் பருவைக் காணவில்லை என்று எழுதினார்கள். அந்த மக்கள் சாப்பிட்டதில் சுத்திகரித்த மாவும் சர்க்கரையும் மிகக் குறைவு. சுவாரசியமான தகவல்தான். ஆனால் அவர்கள் வாழ்க்கையில் உணவைத் தவிர வேறுபட்டவை எத்தனையோ இருந்தன. உணவுதான் காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. 2007இல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுள்ள 43 ஆண்களை வைத்து 12 வாரச் சோதனை நடத்தினார்கள். ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைச் சாப்பிட்டவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. அவர்களுக்கு உடல் எடையும் குறைந்தது. பலன் எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறினால் இன்சுலினும் அதைச் சார்ந்த வளர்ச்சிக் காரணியும் கூடும். இவை எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டக்கூடியவை. காரணகாரியம் பொருந்தி வருகிறது. பால், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பால், அதிகம் குடிப்பவர்களிடம் பரு சற்று அதிகம் என்று, உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து செய்த ஆய்வுகள் காட்டின. உடற்பயிற்சி செய்பவர்கள் சாப்பிடும், பாலிலிருந்து எடுக்கும் வே புரதத் தூளால் பரு கிளம்பியதாகவும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும், 2024இல் வெளியான அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதமியின் சிகிச்சை வழிகாட்டி, பருவுக்கென்று குறிப்பிட்ட உணவுமுறையைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்றே சொல்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? சர்க்கரையைக் குறைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. எதையாவது சாப்பிட்டால் தனக்குப் பரு கூடுவதாக ஒருவர் உணர்ந்தால், அதை இரண்டு மூன்று மாதம் விட்டுப் பார்க்கலாம். மூன்று நாளில் தெரியாது. மேலே சொன்ன அடைப்பின் கால அளவை நினைத்தால் ஏன் என்று புரியும். ஆனால் வளரும் பிள்ளைக்குப் பாலையும் எண்ணெயையும் பலகாரத்தையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அதையே வைத்தியம் என்று நம்பி, மருந்து போடாமல் ஆறு மாதம் ஓட்டுவது தவறு. அந்த ஆறு மாதத்தில் விழும் தழும்பு திரும்ப எடுக்க முடியாதது. உணவுக் கட்டுப்பாட்டால் தழும்பு தடுக்கப்பட்டதை யாரும் நிரூபிக்கவில்லை. மருந்தால் தடுக்க முடியும்.

மற்றபடி ‘ரத்தம் கெட்டிருக்கிறது’, ‘உடம்புச் சூடு’, ‘வயிறு சுத்தமில்லை’, ‘தண்ணீர் போதவில்லை’ என்பவை எல்லாம் சேர்ந்து சொல்வது ஒன்றையே: உள்ளே ஏதோ அசுத்தம், அது முகத்தில் வெளியேறுகிறது. மயிர்க்கால் உடலின் கழிவை வெளியேற்றும் வழியே இல்லை. மன அழுத்தம் வேறு விஷயம். கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர்களைத் தேர்வுக் காலத்திலும் தேர்வில்லாத காலத்திலும் பார்த்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. அழுத்தம் கூடியவர்களுக்குப் பருவின் தீவிரமும் கூடியது. அழுத்தம் பருவை உண்டாக்குகிறது என்பதைவிட, இருக்கும் பருவை மோசமாக்குகிறது என்று சொல்வது சரியாக இருக்கும்.

மருந்து எங்கே வேலை செய்கிறது

பருவுக்கான மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தரும் விஷயம். மருந்து இல்லாமல் அல்ல, இருந்தும் பலன் கிடைக்காமல் போகிறதே என்பதால்.

முதலில் ரெட்டினாய்டு. அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டும் இந்த வகை. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இவை, மயிர்க்காலின் உட்சுவர் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிரச் செய்கின்றன. அதாவது, கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் அடைப்பிலேயே கை வைக்கின்றன. அதனால்தான் இதைத் தெரியும் பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண். அது முளைத்த களையை மட்டும் பார்த்துக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கும் விதையை மறந்துவிடுவது மாதிரி. பரு வழக்கமாக வரும் பகுதி முழுவதற்கும், பரு இல்லாத இடத்திலும், தடவ வேண்டும்.

எப்படித் தடவுவது என்பதையும் விவரமாகச் சொல்கிறேன், பாதிப் பேர் மருந்தை நிறுத்துவது இந்த இடத்தில்தான். இரவில் முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத் தோலில் எரிச்சல் கூடும். ஒரு பட்டாணி அளவு களிம்பு முழு முகத்துக்கும் போதும். அதை நெற்றி, இரு கன்னம், மோவாய் என்று சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். கண் இமை, மூக்கின் இரு ஓரம், உதட்டு முனை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டால் தோல் பழகிவிடும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து என்று போடலாம். ஆரம்ப வாரங்களில் தோல் உரியும். பரு கொஞ்சம் கூடினதுபோலவும் இருக்கும். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று குழாயைத் தூக்கி எறிவது இந்தச் சமயத்தில்தான். ஆறு எட்டு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். பலன் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் பன்னிரண்டு வாரமாவது வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது. அதற்கு எதிராகப் பாக்டீரியா எதிர்ப்புத் திறன் பெற்றதாக இதுவரை தெரியவில்லை. சதவீதம் கூடினால் சக்தியும் கூடும் என்று 10 சதவீதக் குழாயைத் தேடுவார்கள். 1986இலேயே ஓர் ஆய்வு, சிவந்த பருக்களில் 2.5 சதவீதமும் 10 சதவீதமும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன, எரிச்சல் மட்டும் 10இல் அதிகம் என்று காட்டிவிட்டது. துண்டும் தலையணை உறையும் இதனால் வெளுத்துப் போகும். வெள்ளைத் துணி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் ஆன்டிபயாடிக். க்ளிண்டாமைசின் களிம்பு, டாக்சிசைக்ளின் மாத்திரை போன்றவை வீக்கத்தைச் சீக்கிரம் தணிப்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் பரு தொற்றுநோய் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். தனியாக ஆன்டிபயாடிக்கை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் பாக்டீரியா பழகிவிடுகிறது. 1970களின் இறுதியிலேயே அப்படிப் பழகிய பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே களிம்பாக இருந்தால் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, மாத்திரையாக இருந்தால் மூன்று நான்கு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதே இப்போதைய முறை. போன தடவை கொடுத்த சீட்டை வைத்துத் தாமாகவே மறுபடி வாங்கிச் சாப்பிடுவது இந்த முறையையே குலைத்துவிடுகிறது.

ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை அமெரிக்காவில் 1982இல் அனுமதி பெற்றது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கும் மருந்து இது. கட்டிகளும் தழும்புமாக அவதிப்படுபவர்களுக்கு இதற்கு நிகராக வேறு எதுவும் வரவில்லை. இதைச் சுற்றியுள்ள பயங்களில் ஒன்று முழுக்க நியாயமானது: கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனங்களை உண்டாக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம்வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை. ஆனால் பிற்காலத்தில் குழந்தையே பிறக்காது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. மருந்து உடலைவிட்டுப் போய்விடும். மனச்சோர்வு பற்றிய பயம் பல ஆண்டுகளாக இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான அலசல், பொதுவாகப் பார்த்தால் இந்த மருந்து மனச்சோர்வை அதிகரிப்பதாகத் தெரியவில்லை என்றது. தனிப்பட்ட ஒருவருக்கு மனநிலை மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. உதடு வறண்டு வெடிப்பது ஏறத்தாழ எல்லோருக்கும் வரும். ரத்தக் கொழுப்பையும் கல்லீரலையும் பரிசோதித்துக்கொண்டுதான் தொடர்வார்கள். இவ்வளவு கவனம் கேட்கும் மருந்தை நண்பர் சாப்பிட்டார் என்று சாப்பிடக் கூடாது. தேவைப்படும் ஒருவர் வதந்திக்குப் பயந்து சாப்பிடாமல் இருக்கவும் கூடாது. இரண்டாவது வகை இழப்பு பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய குழாய் வேறு ஒன்று. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை முகத்தில் போட்டால் ஒரே வாரத்தில் சிவப்பு மறையும், வீக்கம் இறங்கும், நிறம்கூட வெளுக்கும். இன்று போட்டு நாளைக்குப் பலன் கேட்கும் நம் எதிர்பார்ப்புக்கு இதைப்போலப் பொருந்தும் மருந்து இல்லை. சில வாரங்கள் கழித்து ஒரே அளவான சின்னச் சின்னப் பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரியும், ரோமம் வளரும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் முழுக்கக் கொப்பளித்துவிடும் என்பதால் பயந்து மறுபடி போடுவார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர மாதங்கள் ஆகும், மருத்துவர் துணையும் வேண்டும். ஒரு க்ரீம் இரண்டு மூன்று நாளிலேயே அதிசயம் செய்தால், குழாயின் பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தைப் படித்துவிடுவது நல்லது.

பருவ வயது தாண்டியும்

இருபது வயதோடு பரு ஓய்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் நடப்பதில்லை. முப்பது, நாற்பதுகளில் பரு வரும் பெண்கள் நிறையப் பேர். தாடையோரத்திலும் மோவாயிலும், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் கூடுவதாகவும் இருக்கும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்து, முகத்தில் ரோமமும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவர்களுக்குச் சில வகைக் கருத்தடை மாத்திரைகளும், ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் உதவும். பிரிட்டனில் 410 பெண்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2023இல் வந்தது. ஸ்பைரோனோலாக்டோனின் பலன் 12 வாரத்தில் இருந்ததைவிட 24 வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது. மூன்று மாதத்தில் கைவிட்டிருந்தால் அவர்களில் பலருக்கு அந்தப் பலன் கிடைத்திருக்காது.

பரு மாதிரி தெரிவதெல்லாம் பருவும் அல்ல. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில், அரிப்போடு கிளம்பும் பொரிகள் மலசேசியா என்ற பூஞ்சையால் வந்திருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிடச் சாப்பிட அது கூடும். முகம் அடிக்கடி சிவந்து காந்தி, கரும்புள்ளி ஒன்றுகூட இல்லாமல் பொரிகள் மட்டும் இருந்தால் அது ரோசேசியா என்ற வேறு தோல் நோயாக இருக்கக்கூடும். பி12 வைட்டமின் ஊசி, ஸ்டீராய்டு, மனநலச் சிகிச்சைக்குக் கொடுக்கும் லித்தியம் போன்ற மருந்துகளும் பருவைக் கிளப்பும்.

கடைசியாக, பரு விட்டுப்போகும் அடையாளங்கள். மாநிறமும் கறுப்புமான தோலில் பரு ஆறிய இடத்தில் கருந்தடம் நிற்கும். இதைத் தழும்பு என்று எண்ணிப் பலர் கலங்குகிறார்கள். விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்: தோல் சமமாக இருந்தால் அது நிறமாற்றம் மட்டும்தான், சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டில், மங்கும். வெயில் பருவை உலர்த்தும் என்று முகத்தைக் காட்டி நிற்பவர்களுக்கு இந்தத் தடம் இன்னும் ஆழமாகும். டாக்சிசைக்ளினோ ரெட்டினாய்டோ பயன்படுத்துபவர்களுக்கு வெயில் எளிதில் சுடும் என்பதால் சன்ஸ்கிரீன் அவசியம். விரலுக்குக் குழியாகத் தட்டுப்பட்டால் அது உண்மையான தழும்பு. எந்தக் களிம்பும் அதை நிரப்பாது. அதற்கு லேசர், ஊசி முறைகள் என்று வழிகள் உண்டு, முழுமையாக இல்லாவிட்டாலும் கணிசமாகக் குறைக்கலாம். ஆனால் புதுப் பரு வருவது அடங்கிய பின்புதான் பொதுவாக அதைத் தொடங்குவார்கள். கட்டிகள் வலித்தாலோ, குழி விழ ஆரம்பித்தாலோ, வெளியே போகவே பிள்ளை தயங்கினாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இதுவரை முகத்தில் போட்ட எல்லாக் குழாய்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஒட்டாத டப்பா, யாரோ கொடுத்த க்ரீம் உட்பட. எதை எத்தனை வாரம் போட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரம் முடிவதற்குள் எத்தனை மருந்துகள் மாறியிருக்கின்றன என்பதை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்த உடனே தெரிந்துகொள்வார்.